கப்பலிற் பிறந்த கணக்கு

வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்துச் சில வாரங்கள் பல கோடிச் சூரியர்களுக்கு ஒப்ப ஒளிவிட்டு மங்குவதைச் சூப்பர்நோவா என்பர். 1054-ஆம் ஆண்டில் சீனர் அத்தகைய ஒன்றைப் பட்டப்பகலிலும் கண்டு, 'விருந்தாளி மீன்' எனக் குறித்து வைத்தனர். அது வெடிப்பதேன் என்னும் வினாவிற்கு விடைகாண வழி திறந்தவருள் ஒருவர் தமிழிளைஞர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

1930 ஜூலை 31-ஆம் நாள், சென்னை இராசதானிக் கல்லூரியிற் பயின்ற 19 வயதுச் சந்திரசேகர், கேம்பிரிட்ஜ் செல்லப் பம்பாயிற் கப்பலேறினார். நம் முன்னோரும் கப்பலேறியே இக்கரை சேர்ந்தனர்; அவர்கள் கூலிக்கணக்கை எண்ணி வந்தனர், இவரோ எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் கணக்கைப் போட்டுக்கொண்டு சென்றார். எரிந்து தீர்ந்த மீன்கள் யாவும் வெள்ளைக்குள்ளன் என்னும் சிற்றுருண்டையாய்ச் சுருங்கி நிலைபெறும் என்பதே அக்காலக் கொள்கை. அதனைத் தாங்குவது எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு. அவ்வெதிர்ப்புக்கும் ஓர் எல்லை உண்டென இவர் கண்டார். பின்னர்த் திருத்தமாய் வகுத்தபடி, அது சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறை.

1935 ஜனவரி 11-ஆம் நாள் இலண்டன் ராயல் வானநூற் சங்கத்தில் இதனை எடுத்துரைத்தார். அடுத்து எழுந்தவர் வானநூலாருள் தலையாய சர் ஆர்தர் எடிங்டன். நட்சத்திரம் இங்ஙனம் நடவாதபடி தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தே தீரவேண்டும் என்றார், சபை நகைத்தது. போர், பௌலி போன்ற பேரறிஞர்கள் தனிமையில் இளைஞர் பக்கமே நின்றனர். வெளிப்படையாய் வாய் திறக்கவில்லை. பெரிய துரை மறுத்தாற் கிராணியின் பேரேடு பொய்யாகிவிடுவது தோட்டத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்!

நிற்க. எந்த மீன் அடங்கும், எந்த மீன் வெடிக்கும் என்பதை அறிய உதவியவை நட்சத்திரத் திரள்களே. திரளென்பது ஒரே மேகத்தில் ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்த கூட்டம். ஒரே நாற்றங்காலில் ஒன்றாய் முளைத்த ரப்பர்க் கன்றுகளைப் போன்றது. வயது ஒன்றாயினும் ஆயுள் ஒன்றன்று. நிறை மிக்கது தன் பொருளை ஊதாரிபோல் எரித்து முந்தி மடியும். சூரியன் போன்றது சுமார் 1,000 கோடி ஆண்டு வாழும். அதனினும் 20 மடங்கு நிறையுள்ளதன் ஆயுள் ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டே. ஜாதகத்தில் மட்டும் நாம் தேடும் கார்த்திகை, சுமார் 10 கோடி ஆண்டு வயதுடைய ஒரு திரள். அதிலும் ஒரு வெள்ளைக்குள்ளன் உளது. இன்று அங்கே எரியும் மீன்களினும் நிறை மிக்கதாயிருந்தே அது முந்தி அடங்கியிருத்தல் வேண்டும். இத்தகைய திரள்களை ஆராய்ந்து, சூரியனைப்போற் சுமார் 8 மடங்கு வரை நிறையுள்ளவை அமைதியாய் அடங்கும் எனத் தெளிந்தனர். அதற்கு மேற்பட்டவற்றின் இரும்புக் கரு சந்திரசேகர் எல்லையைக் கடந்து இடிந்து விழ, புறப்பகுதி வெடித்துச் சிதறும். அற்பாயுளாதலின், பிறந்த இளந்திரளை விட்டு நெடுந்தூரம் செல்லுமுன்னரே இவை பெரும்பாலும் மடிகின்றன. துணைமீனின் பொருளைப் பெற்று வெள்ளைக்குள்ளனே வெடிக்கும் வேறொரு வகையும் உண்டு. அதற்கு இளந்திரள் வேண்டுவதில்லை.

1983-இல் நோபெல் பரிசு சந்திரசேகரைத் தேடி வந்தது. 1987 பிப்ரவரி 24-ஆம் நாள் பெரிய மகெல்லன் மேகத்தில் ஒரு மீன் வெடித்தது தெரியவந்தது. இளந்திரள்கள் செறிந்த டாரன்டுலா நெபுலாவின் அயலிலேதான் அது இருந்தது. கரு இடிந்ததற்குச் சான்றாகிய நியூட்ரினோத் துகள்கள் முந்திய நாளே ஜப்பானியக் கருவியிற் பதிந்திருந்தன. 1604-க்குப் பின் வெறுங்கண்ணுக்கு அத்துணை ஒளியுடன் தோன்றிய வெடிப்பு வேறில்லை. அம்மேகம் நம் பினாங்கிலிருந்து நோக்குவார்க்குத் தென்கடலின்மேல் தாழ்வாய்த் தெரிவது. சிக்காகோவில் வாழ்ந்த சந்திரசேகருக்கு அப்போது வயது 76; அந்நகரின் வானில் அது எழுவதே இல்லை.