மடியில் கட்டிய நெருப்பு: காங்கிரி முதல் மடிக்கணினி வரை

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. அரசு மருத்துவமனை ஓபி. திங்கட்கிழமைக் கூட்டம். கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கச்சியை அவங்க அம்மா கூட்டிட்டு வந்திருந்தாங்க.

"சார், பிள்ளைக்குத் தொடையில வலை வலையா கருத்துப் போச்சு. அரிப்பு இல்ல, வலி இல்ல. தெருவுல ஒருத்தர் ரத்தத்துல ஏதோ கோளாறுன்னு சொல்லிட்டாரு. ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

செவிலியர் அக்காவை உடன் வைத்துக்கொண்டு பார்த்தேன். இடது தொடையின் முன்பக்கம். மீன் வலையில் மை தடவி அப்படியே ஒற்றி எடுத்த மாதிரி பழுப்பும் சிவப்புமாகக் கோடுகள். வலது தொடையில் லேசாக.

எனக்கும் பக்கென்றது. தோலில் இப்படி வலை தெரிந்தால் எங்கள் மூளை நேராக ரத்தக்குழாய் அழற்சி, லூப்பஸ், ரத்தம் உறையும் கோளாறு என்றுதான் ஓடும். படிப்பு அப்படி. வரிசையாக டெஸ்ட் எழுதினேன். அதில் பாதி எங்கள் மருத்துவமனையில் கிடையாது. அந்த அம்மா தையல் மெஷின் மிதித்துச் சேர்த்த காசில் வெளியே எடுத்தாங்க.

எல்லாமே நார்மல்.

இப்ப என்ன சொல்வது? அனுமதி வாங்கிப் போட்டோ எடுத்து, எனக்குப் பாடம் எடுத்த தோல் மருத்துவப் பேராசிரியருக்கு அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன் வந்தது. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பொண்ணு லேப்டாப்பை எங்க வச்சுப்பா படிக்குது?"

மடியில்தான். ஆன்லைன் கிளாஸ் ஆரம்பித்ததிலிருந்து, கட்டிலில் சுவரோடு சாய்ந்து, தினமும் ஐந்தாறு மணி நேரம்.

ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய விசயத்துக்கு நான் ஒரு ஏழைத் தாயை லேபுக்கு லேப் அலைய விட்டிருக்கிறேன். அந்த வெட்கத்தில்தான் இதன் கதையைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க.

இதன் பெயர் எரித்தீமா அப் இக்னே. லத்தீன். "நெருப்பால் வந்த சிவப்பு" என்று பொருள். பெயரிலேயே நெருப்பு இருக்கிறது, ஆனால் இது தீப்புண் கிடையாது. தீப்புண் என்றால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்வோம். இது இழுக்கத் தோன்றாத சூடு. 43 முதல் 47 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இதமான சூடு, ஒரே இடத்தில், நாள் கணக்கில், மாதக் கணக்கில் படும்போது தோலுக்கு அடியில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் வலைப்பின்னல் அப்படியே மேலே அச்சு விழுந்த மாதிரி தெரிய ஆரம்பிக்கும். முதலில் சிவப்பு, பிறகு நிறமி படிந்து பழுப்பு.

மத்திய வெப்பமூட்டும் வசதி பரவும் வரை ஐரோப்பாவில் இது சர்வ சாதாரணம். குளிர்காலத்தில் கணப்படுப்பு முன்னால் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாட்டிமார்களின் முழங்கால் கீழே இதே வலை. பிரிட்டனில் இதற்குக் கேலியாக "பாட்டியின் டார்டன்" என்றே பெயர். டார்டன் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட துணி. ரொட்டி அடுப்பு முன் நின்றவர்களுக்கும் கண்ணாடி ஊதும் தொழிலாளிகளுக்கும் முகத்திலும் கையிலும் வரும். வீடுகளுக்குள் ஹீட்டர் குழாய்கள் வந்ததும் நோய் குறைந்தது. பாடப்புத்தகத்தில் மூலையில் ஒரு பத்தியாகச் சுருங்கிப் போனது.

நம் நாட்டில் இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. காஷ்மீர்.

அங்கே குளிர்காலத்தில் ஆளுக்கொரு காங்கிரி வைத்திருப்பார்கள். கைப்பிடி வைத்த பிரம்புக்கூடை, உள்ளே மண்சட்டி, சட்டியில் கரித்தணல். பேரன் என்கிற தொளதொள அங்கிக்குள் அதை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்வார்கள். தொடைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் நிஜமாகவே நெருப்பு! மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அவர்களுக்கு அது அன்றாடம்.

1865ல் காஷ்மீருக்கு வந்த மிஷன் மருத்துவர் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி ஒன்றைக் கவனித்தார். வேறெங்கும் அரிதாகவே தோல் புற்று வரும் இடங்களான உள்தொடையிலும் அடிவயிற்றிலும் இங்கே மட்டும் வருகிறதே, ஏன்? காங்கிரி படும் இடமும் புற்று வரும் இடமும் ஒன்று என்று 1866ல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார். அவருக்குப் பின்னால் ஸ்ரீநகர் மிஷன் மருத்துவமனையை நடத்திய ஆர்தர் நெவ், எர்னஸ்ட் நெவ் சகோதரர்கள் வருடக்கணக்கில் இந்தக் கட்டிகளை அறுத்து எடுத்தார்கள். எர்னஸ்ட் நெவ் 1910லும் 1923லும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய பிறகு "காங்கிரி புற்று" உலக மருத்துவத்தில் ஒரு பெயராகவே நின்றுவிட்டது. சீனாவில் செங்கல் படுக்கையைச் சூடேற்றி அதன்மேல் படுப்பவர்களுக்கும், ஜப்பானில் கைரோ என்னும் சூட்டுப்பெட்டியை உடலோடு கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே வகைப் புற்று பதிவாகியிருக்கிறது.

உடனே "லேப்டாப் வச்சா கேன்சர்" என்று ஃபார்வர்டு போட்டுவிடாதீர்கள், கும்பிட்டுக் கேட்டுக்கறேன். காங்கிரி சூடு வேறு ரகம். அதுவும் குளிர்காலம் தவறாமல் பல பத்தாண்டுகள் பட்டு, அடிக்கடி சுட்டுக்கொண்டு, ஆறி, மறுபடி சுட்டு வருவது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். வலிக்காத சூட்டையும் தோல் கணக்கு வைத்துக்கொள்ளும்.

எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை 1947ல் ஹார்வர்டில் மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் இருவரும் அளந்தார்கள். பன்றித் தோலிலும், தாமாக முன்வந்த மனிதர்களிலும். 60 டிகிரி என்றால் ஐந்து நொடி போதும், புண். 44 டிகிரி என்றால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். நடுவில் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். 44 டிகிரி என்பது கொஞ்சம் சூடான குளியல் தண்ணீர்தான். பயமே வராது. அதுதான் பிரச்சனை.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். இது எப்போது அடுப்பானது?

1981ல் வந்த ஆஸ்போர்ன் 1 தூக்கிச் செல்லும் கணினிதான். ஆனால் எடை சுமார் 11 கிலோ. மடியில் வைத்தால் சூடு பிரச்சனை இல்லை, முழங்கால்தான் பிரச்சனை! 1982ல் வந்த கிரிட் காம்பஸ்தான் இன்றைய புத்தகம் போல் மூடித்திறக்கும் வடிவத்துக்கு முன்னோடி. பில் மோக்ரிட்ஜ் வடிவமைத்தது. மக்னீசியக் கூடு, அந்தக் கூடே சூட்டை வெளியே கடத்தும். விலை 8,150 டாலர்.

இதை நாசா விண்வெளி ஓடத்தில் கொண்டு போனபோது ஒரு சிக்கல். எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழும்பாது, அங்கேயே தேங்கி நிற்கும். அதனால் தனியாக ஒரு விசிறி வைத்தார்கள். நம் பிள்ளைகள் லேப்டாப்பைத் தலையணை மேல் வைக்கும்போது நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். காற்றுக்கு வழியில்லை.

1983ல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 எனக்குப் பிடித்த மெஷின். படித்ததோடு சரி, தொட்டதில்லை. நான்கு பேனா பேட்டரி போட்டால் இருபது மணி நேரம் ஓடும். பத்திரிகை நிருபர்கள் மடியில் வைத்துச் செய்தி தட்டினார்கள். அது தின்ற மின்சாரம் ஒரு வாட்டைக்கூடத் தொடாது, அப்புறம் எங்கே சூடு? கணினி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறதோ அவ்வளவும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். இன்று உங்கள் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 45, 65, 90 வாட் என்று போட்டிருக்கும். முழு வேகத்தில் ஓடும்போது ஒரு குண்டு பல்பை மடியில் வைத்திருக்கிறீர்கள்.

தொண்ணூறுகளில் சிப்புகளின் வேகம் கூடக் கூடச் சூடும் கூடியது. அப்போது கைகொடுத்தது வெப்பக்குழாய். 1963ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் விண்வெளி மின்கலன்களுக்காகச் செய்து காட்டியது. காற்றை உறிஞ்சி எடுத்த செம்புக்குழாய், உள்ளே துளித் தண்ணீர். சிப் பக்கம் தண்ணீர் ஆவியாகும், விசிறிப் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகும், உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும். இட்லிக் குண்டான் மூடியில் முத்து முத்தாக நீர் கோப்பது மாதிரி, ஆனால் ஓயாமல். ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் குழாய் சூட்டை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. சிப்பிலிருந்து விசிறிக்கு, விசிறியிலிருந்து காற்றுக்கு. காற்றுக்கு வழியில்லாவிட்டால்? உங்கள் தொடைக்கு.

மருத்துவ இதழ்களில் முதல் மணி அடித்தது 2002 நவம்பரில். லான்செட்டில் ஸ்டாக்ஹோம் மருத்துவர் ஓஸ்டென்சன் எழுதிய சிறு கடிதம். ஐம்பது வயது விஞ்ஞானி, வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்து ஒரு மணி நேரம் போல அறிக்கை எழுதியிருக்கிறார். பேன்ட், உள்ளாடை எல்லாம் போட்டுத்தான். மறுநாள் பார்த்தால் ஆணுறுப்பிலும் விதைப்பையிலும் கொப்புளம்! நல்லவேளை ஆறிவிட்டது. உலகமே சிரித்தது. அவர் சிரித்திருக்க மாட்டார்.

2004ல் லேப்டாப்பால் வந்த எரித்தீமா அப் இக்னே முதன்முதலாக அமெரிக்கத் தோல் மருத்துவ இதழில் பதிவானது. பாடப்புத்தக மூலையில் தூங்கிய பாட்டிமார் நோய் இளைஞர்கள் மடியில் எழுந்து வந்தது. 2010ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் 12 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். பல மாதங்கள், தினமும் சில மணி நேரம் கேம். இடது பக்கம் சூடாவது அவனுக்குத் தெரிந்தே இருந்தது, ஆனாலும் மாற்றி வைக்கவில்லை. கேம் சுவாரஸ்யம்! அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு சட்ட மாணவியும் தொடையில் வலையோடு வந்தார். அவருடைய மருத்துவரும் குழம்பித்தான் போனார். தினம் ஆறு மணி நேரம் மடியில் லேப்டாப் என்பது பிறகுதான் தெரிந்தது. அடியில் அளந்தபோது 52 டிகிரி.

இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். தனியாகக் கோட்டை விடவில்லை.

ஆண்கள் பக்கம் இன்னொரு கேள்வி. விதைப்பை உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டிய இடம். 2005ல் நியூயார்க் ஸ்டோனி புரூக்கில் ஷெய்ன்கின் குழுவினர் 29 ஆரோக்கியமான இளைஞர்களை ஒரு மணி நேரம் உட்கார வைத்து அளந்தார்கள். லேப்டாப்போடு உட்கார்ந்தால் சுமார் 2.7 டிகிரி ஏறியது. லேப்டாப் இல்லாமல் அதேபோல் தொடையை ஒட்டி உட்கார்ந்தாலே 2.1 ஏறிவிட்டது. அதாவது பாதிக் குற்றவாளி நாம் உட்காரும் விதம்! பிறகு நடத்திய இன்னொரு சோதனையில், அடியில் அட்டை வைத்துக்கொள்வதும் இந்த விசயத்தில் பெரிதாக உதவவில்லை, தொடையை அகட்டி உட்கார்ந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் பலன். அளந்தது வெப்பத்தை மட்டுமே, குழந்தைப் பேற்றை அல்ல. ஆகவே "ஆண்மை போச்சு" என்று யாராவது பாக்கெட் மருந்து விற்க வந்தால் வாங்காதீர்கள்.

இந்தக் கதையெல்லாம் நடக்கும் நேரத்தில்தான், 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதில் படித்து மேலே வந்த பிள்ளைகளை எனக்கே தெரியும், அந்தத் திட்டத்தை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணினி வந்த வீட்டில் மேசை இருந்ததா? எங்கள் வீட்டிலேயே கிடையாது. தரை, கட்டில், மடி. போதாக்குறைக்கு நாம் வைத்த பெயரும் மடிக்கணினி! எங்கே வைக்க வேண்டும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டோம். தயாரிப்பாளர்கள் சாமர்த்தியசாலிகள். நோட்புக் என்று பெயர் போட்டுவிட்டு, நீண்ட நேரம் உடம்பில் படும்படி வைக்காதீர்கள் என்று கையேட்டில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டார்கள்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மேசை இருந்தால் மேசை. இல்லையா, தரையில் உட்கார்ந்து ஸ்டூல் மேலோ மரப்பெட்டி மேலோ வையுங்க. மடியில்தான் என்றால் பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிய, கெட்டியான பலகை ஒன்று. மெஷினின் நான்கு ரப்பர் கால்களும் அதன்மேல் நிற்க வேண்டும், அப்போதுதான் அடியில் காற்று ஓடும். தலையணை, போர்வை வேண்டவே வேண்டாம். தொடைக்கு இதமாக இருக்கும், ஆனால் காற்றுத் துளையை அடைத்து மெஷினை அடுப்பாக்கும். சார்ஜ் ஏறும்போது சூடு கூடும், அந்த நேரம் மடியில் வேண்டாம். விசிறி முன்பைவிடக் கத்துகிறது என்றால் உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், கடையில் கொடுத்துத் துடைத்து வாங்குங்க. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மடியில் வைக்கவே கூடாது, சூடு அவர்களுக்குத் தெரியாது.

தோலில் வலை தெரிந்துவிட்டால் சூட்டை நிறுத்துவதுதான் முதல் மருந்து. பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும், சிலருக்குக் கறை தங்கிவிடும். அந்த இடத்தில் புண்ணோ தடிப்போ வந்து ஆறாமல் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்க. வயிற்றிலோ முதுகிலோ இதே வலை இருந்து, அங்கே தினம் வெந்நீர்ப் பை வைப்பவர் என்றால், அந்த வலி ஏன் என்று தேட வேண்டும். நாள்பட்ட கணைய அழற்சி இப்படிப் பிடிபட்டதுண்டு.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மாவும் பொண்ணும் திரும்ப வந்தாங்க. வலை நன்றாக மங்கியிருந்தது. இப்ப எங்கம்மா வச்சுப் படிக்குதுன்னு கேட்டேன்.

"என் தையல் மெஷின் மேலதான் சார். பகல்ல நான் தைக்கிறேன். ராத்திரி மெஷினை மடக்கி மூடி, மேல விரிப்பு போட்டுக் குடுத்துடுறேன்."

விரிப்பை மட்டும் எடுத்துடுங்கன்னு சொல்லி அனுப்பினேன்.