பயிர்க்காவலும் இராவிளக்கும்



போர்களையும் முடிசூட்டு விழாக்களையுமே வரலாறு என்று பள்ளிகளிற் கற்பிக்கின்றோம். உழவன் இரவில் எதைக் கையிலேந்தி விளைவைக் காத்தான் என்பதும் வரலாறுதான். உழவு இயந்திரத்திலும் ஜீப்வண்டியிலும் ஏறி, ஒளிவிளக்கைச் சுழற்றிப் பன்றியைத் தேடும் காலம் இது. எந்த விளக்கு நல்லது, எந்தத் துவக்கு நல்லது என்று இளைஞர் வினவுகின்றனர். விடை கூறுமுன் பழைய கருவிகளைச் சற்றே நோக்குவோம்.

சங்ககாலத் தினைப்புனத்தில் இதணம் என்னும் பரண் இருந்தது. தட்டை, குளிர், தழல் முதலியன ஒலியெழுப்பிக் கிளிகளை ஓட்டின. யானைக்குக் கவண்கல்லும் கொள்ளியும் பயன்பட்டன. பன்றி நுழையும் புழைகளிலோ பெருங்கற்பொறிகளை மாட்டி வைத்தனர். மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார், அவ்வழிச் செல்லும் கூத்தரை விடிந்தபின் செல்லுமாறு எச்சரிக்கின்றார். இருளில் மாட்டிய பொறிக்குப் பன்றியும் ஒன்றுதான், கூத்தனும் ஒன்றுதான் என்பதை அப்புலவர் நன்கறிந்திருந்தார்.

நமது வன்னிப் பெருநிலத்தில் பனையோலைச் சூளும், தகரத்தைத் தட்டும் ஓசையும், விடியுமட்டும் கூவும் குரலுமே நெடுங்காலம் காவலாயின. பின்னர் இடியன் துவக்கு வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் கொலைக்கு வெகுமதியும் வந்தது. வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகளுக்கு அரசு பரிசுப்பணம் கொடுத்ததாக எமர்சன் டெனன்ற் எழுதியுள்ளார். தலைக்குச் சில சிலிங்குகளே விலை! பயிர்க்காவல் எங்கே முடிந்தது, வேட்டை எங்கே தொடங்கியது என்று யார் கூறவல்லார்? 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டமும், 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்னரே பிறந்தன.

விளக்கின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காபைட் விளக்கும், உலர்மின்கல மின்சூளும் தோன்றின. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஜீப்வண்டி உலகெங்கும் பரவியது. வண்டி, விளக்கு, துவக்கு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது விலங்குக்குத் தப்பும் வழி அற்றுப்போயிற்று. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம், உரிமம் பெற்ற வேட்டைக்காரரும் வாகனத்திலிருந்து வேட்டையாடலாகாதெனத் தடுத்தது. செயற்கை ஒளியின் துணையால் வேட்டையாடுவதையும் பெரும்பாலும் விலக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வேட்டை உரிமமே ஒழிந்தமையால் அந்தப் பிரிவும் நீங்கியது.

இனி இளைஞரின் வினாவுக்கு வருவோம். விளக்கொளியில் மாடு, ஆடு, கழுதை, நாய், நரி, மான் ஆகியவற்றின் கண்கள் பளிச்சிடும். அவற்றின் விழியின் பின்புறத்தே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. பன்றிக்கு அப்படலம் இல்லை. ஆகவே கண் மின்னியது கண்டு சுடுபவன், பயிரையழித்த பன்றியை விட்டு, அயலவன் பசுவைச் சுட்டுவிடக்கூடும். மன்னார்த்தீவில் கட்டாக்காலிக் கழுதைகள் இரவெல்லாம் வீதியிலே திரிவதை யாரறியார்? உருவம் முழுவதையும் காட்டும் அகன்ற ஒளியே வேண்டும். கூரிய ஒளிக்கற்றை கண்ணை மட்டுமே காட்டும்.

விளக்கைத் துவக்கின் குழலிற் கட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பேன். அவ்வாறு கட்டினால், எதைப் பார்க்க விரும்பினாலும் அதை நோக்கித் துவக்கையே நீட்டவேண்டும். வரம்பில் நிற்பது காவலுக்கு வந்த மனிதனாயின்? விளக்கை ஒருவரும் துவக்கை மற்றொருவரும் ஏந்துக. ஓடும் வண்டியில் துவக்கினுள் தோட்டா இருத்தலாகாது.

துவக்கைப் பற்றியும் ஒரு சொல். சிறுதுளையுள்ள பொயின்ற் ருவென்ரி ரூ இறவையின் குண்டே ஒன்றரைக் கிலோமீற்றர் வரை செல்லவல்லது. பெரிய இறவையின் குண்டு அதனினும் நெடுந்தூரம் பாயும். தோட்டவெளி போன்ற மணல்வெளியில் குண்டைத் தாங்கக் குன்றேது, மேடேது? பனந்தோப்புக்கு அப்பால் குடிமனைகள் உள்ளன. அண்மையில் மட்டும் பயன்படும் சன்னத் துவக்குத்தான் இத்தகைய நிலத்துக்கு ஓரளவேனும் ஏற்றது, அதுவும் உரிமத்துடன்.

போர்க்காலத்தில் உழவர் பலர் துவக்கையும் வயலையும் ஒருங்கே இழந்தனர். 2009ஆம் ஆண்டின் பின் மீண்டவர்களைக் காடாகிப்போன காணிகளே வரவேற்றன. இன்று நாட்டின் பல பகுதிகளிற் கட்டுத்துவக்கும், இரையினுள் மறைக்கும் ‘ஹக்க பட்டஸ்’ என்னும் வெடியும் பரவியுள்ளன. பன்றிக்கு வைத்த அவ்வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்றுகள் பசியால் மெல்ல மடிகின்றன. பெருங்கௌசிகனார் அஞ்சிய கற்பொறியின் பேரப்பிள்ளைகள் இவை. ஆளில்லாத பொறியைவிட, விளக்கேந்தி விழித்திருக்கும் காவலனையே நான் விரும்புவேன்.

வண்டியில் முதலிற் பயன்படுத்தவேண்டிய கருவி அதன் ஊதுகுழல். ஒலியும் ஒளியும் பன்றியை ஓட்டுமாயின் அன்றிரவு தோட்டாவுக்கு வேலையில்லை. ஒரே ஓசைக்குப் பன்றி விரைவிற் பழகிவிடும். ஆதலின் நேரத்தையும் இடத்தையும் மாற்றிக்கொள்க. மாலையிலேயே அயலாரிடம் சென்று, மாடுகளைப் பட்டியில் அடைக்கச் சொல்லி, எந்த வரம்பால் வண்டி வரும் என்பதையும் அறிவித்துவிடுக.