கல்முனைக் கரையோரத்தில் கூரையும் மாரியும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுதல் வழக்கம். ஆயின், மக்கள் மழைக்கு அஞ்சி ஆண்டுதோறும் செப்பனிட்டு வந்த கூரைக்கும் ஒரு வரலாறு உண்டு. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் அதனைத் தெளிவாகக் காணலாம்.

இக்கரையோரம் ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரிகாலத்திலேயே பெறுகின்றது. அதற்கு முந்திய மாதங்களில் வீசும் வறண்ட கச்சான் காற்றோ கூரையைக் காயவைத்துக் கட்டுகளைத் தளர்த்திவிடும். எனவே, மாரிக்கு முன் கூரை வேய்தல் இன்றியமையாத கடமையாயிற்று. தென்னோலையை நீரில் ஊறவைத்துக் கிடுகு பின்னுவர். பின்னர் இறப்பிலிருந்து முகடு நோக்கி, மேல்வரிசை கீழ்வரிசையின் தலைப்பை மூடுமாறு அடுக்கிக் கட்டுவர். சரிவு குறைந்தாலோ வரிசைகள் ஐதாகினாலோ நீர் உட்புகும், ஓலை உக்கும், மண்சுவர் கரையும். சிறு ஒழுக்கே வீட்டின் அழிவுக்குத் தொடக்கமாகிவிடும்.

மகளுக்குச் சீதனமாக வீடு கொடுத்தல் இப்பகுதி முஸ்லிம்களிடையே நிலைபெற்ற மரபாகும். ஆதலின், கூரையின் தரம் குடும்பத்தின் மதிப்போடு பிணைந்தது. கிடுகு வீட்டின் இடத்தில் ஓட்டுக் கல்வீடு விரும்பப்பட்டமைக்கு மழையோடு இம்மரபும் ஒரு காரணம் எனலாம்.

1978 நவம்பர் 23ஆம் நாளிரவு கிழக்கிலங்கையைத் தாக்கிய சூறாவளி, கூரைகளைப் பறித்ததோடு தென்னைகளையும் பெருந்தொகையாக வீழ்த்தியது. ஏனைய ஆண்டுகளில் பழுதுற்ற கூரைக்கு வேண்டியதை வளவுத் தென்னையே தந்தது. வீழ்ந்த மரங்களின் ஓலை ஒருமுறை வேயப் போதியதாக இருந்திருக்கலாம். அடுத்த முறைக்கு மரம் நிற்கவில்லை. புதிய கன்று வளர்ந்து ஓலை தரப் பல ஆண்டுகள் வேண்டும். ஒரே இரவில் கூரையும் அதனைப் பேணும் வழியும் ஒருங்கே சிதைந்தமையே அச்சூறாவளியின் ஆழ்ந்த விளைவாகும்.

இன்று ஓடும் தகடும் பரவியுள்ளன. எனினும், அவையும் பேணுதலை வேண்டுவனவே. காற்றில் விலகிய ஓட்டினூடே நீர் வடிந்து மரத்தை உக்கச்செய்யும். கடலின் உப்புக்காற்றால் ஆணியும் தகரமும் துருப்பிடிக்கும். கல்நார்த் தகட்டை அறுக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குத் தீங்கானது. கிடுகு அடிக்கடி மாற்றப்பட்டமையால் அதன் கீழுள்ள மரத்தின் பழுதும் உடனுக்குடன் கண்ணிற் பட்டது. நெடுநாள் நிலைக்கும் ஓட்டின்கீழ் அது மறைந்து கிடக்கின்றது. மாரிக்கு முன் கூரையேறிப் பார்த்த முன்னோரின் வழக்கம், கிடுகோடு மறைந்துவிடத் தக்கதன்று.