சின்சுரா: ஒரு ‘டச்சு நகரம்’ எம்மொழியில் பேசியது?

ஹௌராவிலிருந்து பர்த்தமான் செல்லும் புறநகர் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பயணித்தால் சின்சுரா. ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையிலுள்ள இவ்வூரை வரலாற்று நூல்கள் ‘டச்சு நகரம்’ என்றே குறிக்கின்றன. இந்த அடைமொழி எவ்வளவு பொருந்தும் என்பதே இப்பதிவின் வினா.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள வணிகத்திற்குச் சின்சுராவே மையம். பட்டும் பருத்தித் துணியும் வெடியுப்பும் அபினும் இங்கிருந்து பத்தேவியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றன. குஸ்தாவஸ் கோட்டையிலிருந்து ஓர் இயக்குநரும் அவரது குழுவும் நிர்வாகம் நடத்தினர். 1759 நவம்பர் 25 அன்று பிதேராவில் ஆங்கிலேயரிடம் தோற்றபின் டச்சுக்காரரின் அரசியல் செல்வாக்கு ஒடுங்கியது. 1824 மார்ச் 17இல் கையெழுத்தான ஆங்கில–டச்சு உடன்படிக்கையின்படி, மறு ஆண்டில் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இடிக்கப்பட்டது, படைவீரர் குடியிருப்புகள் எழுந்தன.

ஆனால் இந்நகரில் டச்சு மொழி பேசியோர் எத்தகையோர்? கம்பெனி அலுவலர்களும் அவர்தம் குடும்பத்தாருமாகிய ஒரு சிறு வட்டம் மட்டுமே. நவாபின் அவையோடு தொடர்புகொள்ளப் பாரசீகம் வேண்டும். துறைமுகத்தில் பல நாட்டாரிடையே பேரம் பேசப் போர்ச்சுகீசியக் கலப்பு மொழி உதவியது. நெசவாளரும் படகோட்டிகளும் தரகரும் பேசியது வங்காளி. டச்சு மொழி கணக்கேடுகளிலும் கடிதங்களிலும் கல்லறைகளிலும் வாழ்ந்தது.

கல்லறையிலும் ஊர் தன் மொழியிலேயே பேசியது. 1809இல் மறைந்த சூசன்னா அன்னா மரியா வெர்கெர்க் என்பவரின் குவிமாடக் கல்லறையை மக்கள் ‘ஏழு சாகிபுகளின் பீபி கல்லறை’ என்று அழைக்கின்றனர். ஆவணங்கள் காட்டும் கணவர் இருவரே: டச்சு அதிகாரி பீட்டர் புரூயிஸ், அவருக்குப்பின் ஆங்கிலேயரான தாமஸ் யீட்ஸ். கல்லெழுத்து சொல்வதை ஊர் கேட்கவில்லை. தானே ஒரு கதையைக் கட்டிக்கொண்டது.

டச்சுச் சொற்கள் முற்றிலும் மறைந்துவிட்டனவா என்றால், இல்லை. அவை தங்கியுள்ள இடம் சீட்டுக்கட்டு. வங்காளியில் வழங்கும் ஹொர்தொன், ருயிதொன், இஸ்காபொன் என்னும் சீட்டினப் பெயர்கள் டச்சிலிருந்து வந்தவை. தமிழில் நாம் அன்றாடம் வழங்கிய ‘கக்கூஸ்’ என்ற சொல்லும் டச்சு வழி வந்ததே. ஆட்சிமொழியாக வேரூன்றாதது ஆட்டத்திலும் இல்லப் புழக்கத்திலும் எஞ்சியது. அரசாணையைவிட அக்கம்பக்கப் பழக்கமே சொற்களைக் கடத்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்றைய ஆட்சியமைப்பு டச்சுக்காரர் விட்டுச்சென்றதன்று. ஹூக்ளி–சின்சுரா நகராட்சி 1865இல், ஆங்கிலேயர் காலத்தில் அமைந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் குடியேறி, 1632இல் முகலாயரிடம் இழந்த ஹூக்ளியும், டச்சுச் சின்சுராவும் அதில் ஒன்றாயின. ஆர்மீனியரின் பழைய தேவாலயமும், 1836இல் தொடங்கிய ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியும் இந்நகராட்சி எல்லைக்குள்தான் உள்ளன. ‘டச்சு நகரம்’ என்ற ஒற்றைப் பெயரைவிட, நகராட்சிப் பெயரின் நடுவிலுள்ள அந்தச் சிறு கோடு ஊரின் வரலாற்றுக்கு நெருக்கமானது.

‘டச்சு நகரம்’ என்ற பெயர் பெரிதும் ஆவணக்காப்பகம் உருவாக்கியது. ஹேக் நகரில் காக்கப்படும் கம்பெனி ஏடுகள் வழியே மட்டும் பார்த்தால், எழுதியவர் தெரிவார். நெய்தவர் பொருட்கணக்கில் ஓர் எண்ணாகவே தெரிவார். மரபுச்சின்னப் பாதுகாப்பும் இதே பார்வையில் நடந்தால், டச்சுக் கல்லறை காக்கப்படும். நெசவாளர் தெரு நினைவிலிருந்தும் அகலும்.

இது நமக்கு அயலான செய்தியன்று. அதே 1824 உடன்படிக்கைதான் பழவேற்காட்டையும் சதுரங்கப்பட்டினத்தையும் ஆங்கிலேயருக்கு அளித்தது. அங்கும் டச்சுக் கல்லெழுத்துகளே முதலில் கண்ணில் படுகின்றன. அவற்றைப் படிக்கும் மாணவர்கள், அக்கல்லைச் சுமந்தவர் எம்மொழி பேசினார் என்ற கேள்வியையும் உடன் எழுப்ப வேண்டும்.