கொரியர் காத்த ஊசி நூல்கள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலை வழியே லிட்டில் இந்தியாவைக் கடந்து வடக்கே செல்வோர், குவோங் வாய் ஷியூ மருத்துவமனையைக் காண்பர். சீனத்தின் குவாங்டோங் பகுதியிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்களுக்கென 1910ஆம் ஆண்டு, பழைய டான் டோக் செங் மருத்துவமனை இருந்த இடத்தில் நிறுவப்பெற்றது அது. அதற்கும் மூத்தது 1867இல் தோன்றிய தோங் சாய் மருத்துவ நிலையம். இனமும் சமயமும் கேளாது, கட்டணமும் பெறாது நோய் பார்ப்பதென்பது அதன் தொடக்கக் கொள்கை. இத்தகைய நிலையங்களில் மூலிகையோடு ஊசி குத்தும் முறையும், இலைப்பஞ்சைக் கொளுத்திச் சூடு வைக்கும் முறையும் இன்றும் வழங்குகின்றன. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூர் இம்மருத்துவர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டமே இயற்றிற்று.

இம்முறைகளைச் சீன மருத்துவம் என்றே பொதுவாக அழைக்கிறோம். அது பிழையன்று. ஆயினும் அம்மருத்துவத்தின் மூல நூல்கள் இன்றுவரை நிலைத்ததில் கொரியர்க்குள்ள பங்கைப் பலர் அறியார்.

ஊசி மருத்துவத்திற்கு முதல் நூலாகக் கொள்ளப்படுவது, மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய ஊசி நூலாகும். லிங்ஷு என இன்று பெயர் பெற்றிருப்பது அதுவே. சோங் மரபினர் ஆண்ட காலத்தில் சீனத்திலேயே அந்நூலுக்கு முழுமையான படி கிடைக்கவில்லை. 1091இல் சீனப் பேரரசர், தம் நாட்டில் மறைந்துபோன நூல்களின் பட்டியல் ஒன்றைக் கொர்யோ நாட்டுத் தூதரிடம் கொடுத்தார். கொர்யோ என்பது அன்றைய கொரிய அரசு. அவ்வரசு அனுப்பிய நூல்களுள் ஊசி நூலும் ஒன்று. 1093இல் அதனைப் பரப்புமாறு பேரரசர் ஆணையிட்டார். பின்னர் 1155இல் ஷி சோங் என்பவர் வெளியிட்ட பதிப்பே இன்றுள்ள லிங்ஷுவுக்கெல்லாம் தாய்ப்படி. அவர் அதனைத் தம் வீட்டுப் பழஞ்சுவடி என்றே குறித்தார். எனினும் கொரியப் படியின் வழிவந்தது அது என்பாரும் அறிஞருள் பலர். எவ்வாறாயினும், சீனர் தம் நூலைத் தேடி அயல்வீட்டுக் கதவைத் தட்டினர் என்பது வரலாறு.

இதே நிலை பின்னர்க் கொரியர்க்கும் நேர்ந்தது. கொரிய எழுத்தை 1446இல் வெளியிட்ட மன்னர் செஜோங், 150க்கும் மேற்பட்ட பழைய மருத்துவ நூல்களைத் திரட்டி நோய்வாரியாக வகுக்கச் செய்தார். உய்பாங் யூச்வி என்னும் அப்பெருந்தொகுப்பு 1445இல் முடிந்து, சுருக்கப்பெற்று, 266 தொகுதிகளாக 1477இல் அச்சேறியது. அச்சிட்டவை முப்பது படிகளே. 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அந்நூல் கப்பலேறிற்று. கொரியாவில் முழுப்படி ஒன்றேனும் எஞ்சவில்லை. ஜப்பானிய மருத்துவர் ஒருவர் அதனை 1861இல் மறுபதிப்புச் செய்தார். 1876இல் இரு நாடுகளும் உடன்படிக்கை செய்துகொண்டபோது, அம்மறுபதிப்பில் இரண்டு படிகள் கொரியாவுக்குப் பரிசாக வந்தன. கொள்ளைபோன தன் பொருளைக் கொரியா பரிசாகப் பெற்ற விந்தை இது!

அப்படையெடுப்பின் துன்பத்திலிருந்தே கொரிய மருத்துவத்தின் தலைசிறந்த நூலும் பிறந்தது. போரும் நோயும் பஞ்சமும் நாட்டை வாட்டிய 1596இல், மன்னர் சோன்ஜோ அரண்மனை மருத்துவர் ஹொ ஜுன் முதலானோரைப் புதிய மருத்துவ நூல் ஒன்று தொகுக்கப் பணித்தார். மறு ஆண்டே போர் மீண்டும் மூண்டது, தொகுத்தோர் சிதறினர். ஹொ ஜுன் தனித்து நின்றார். 1608இல் மன்னர் இறக்கவே, காப்பாற்றத் தவறிய பழி மருத்துவர்மேல் விழுந்தது. நாடு கடத்தப்பட்ட நிலையிலும் அவர் எழுதினார். 1610இல் நிறைவுற்று 1613இல் அச்சேறிய அந்நூலே ‘தொங்குய் போகம்’. இருபத்தைந்து தொகுதிகளுள் இறுதியானது ஊசியும் சூடும் பற்றியது. மூலிகைப் பெயர்கள் பலவற்றைக் கற்றோர் மட்டுமே அறிந்த சீன எழுத்தோடு நிறுத்தாமல், பொதுமக்கள் அறிந்த கொரிய எழுத்திலும் தந்தமை அதன் தனிச்சிறப்பு. மருத்துவரைக் காண வழியற்ற சிற்றூரான் வேலியோரத்திலேயே தன் மருந்தைப் பறித்துக்கொள்ளலாம் அன்றோ?

இங்கு ஓர் எச்சரிக்கை. ‘போகம்’ என்ற ஒலி கேட்டதும் போகர் நினைவுக்கு வருதல் இயல்பு. அவர் சீனம் சென்றார் என்னும் மரபும் நம்மிடை உண்டு. ஆனால் தொங்குய் போகம் என்பது ‘கிழக்கு மருத்துவத்தின் அருங்கண்ணாடி’ எனப் பொருள்படும் சீனச் சொற்களின் கொரிய ஒலிப்பு. போகருக்கும் அதற்கும் தொடர்பில்லை. சூடு வைக்க உதவும் செடியைக் கொரியர் ‘சுக்’ என்பர். அதுவும் நம் சுக்கு அன்று. நம் மாசிபத்திரிக்கும், மாலையில் மணக்கும் மருக்கொழுந்துக்கும் அது நெருங்கிய இனம். ஒலி ஒப்புமையை விட்டுச் செடியைப் பார்த்தால் உண்மையான உறவு தெரிகிறது.

ஹொ ஜுன் நூல் எழுதினாரேயன்றி ஊசியில் வல்லவரல்லர். 1604இல் மன்னர் சோன்ஜோவுக்குக் கடுந்தலைவலி கண்ட செய்தி அரசவைக் குறிப்பில் உள்ளது. ஊசி குத்தலாமா என மன்னர் வினவ, தமக்கு அம்முறை தெரியாதென ஹொ ஜுன் ஒளியாது கூறி, ஹொ இம் என்பார் சொல்லும் முறையை எடுத்துரைத்தார். குத்தவேண்டிய இடங்களை வேறொரு மருத்துவர் குறித்தார். ஊசியைச் செலுத்தியவர் ஹொ இம்.

இந்த ஹொ இம் உயர்குடியினர் அல்லர். தந்தை இசைக்கலைஞர்; தாய் அடிமைக் குலத்தவர். பெற்றோரின் நோய் காரணமாக மருத்துவர் வீட்டில் ஏவல் செய்து தொழில் கற்றவர். பின்னாளில் அவருக்குப் பதவி அளித்தபோது, பிறப்பைச் சுட்டி அவையோர் எதிர்த்தனர். அவரது கையை வேண்டியவர்கள் அவரது குலத்தை வேண்டவில்லை! முதுமையில், வாழ்நாளெல்லாம் கண்டறிந்தது தம்மோடு அழியலாகாது என்றெண்ணிச் சிறு நூலொன்று எழுதினார். ‘சிம்கு கியொங்ஹொம்பாங்’, அதாவது ஊசியும் சூடும் பற்றிய பட்டறிவு முறைகள், 1644இல் வெளிவந்தது. உடற்புள்ளிகளைப் பற்றிப் பிறர் செய்த பிழைகளை அது திருத்துகிறது. நோய்தோறும் எங்கே குத்துவது, எங்கே சூடு வைப்பது என நேராகச் சொல்கிறது. பிற்காலத்தில் ஜப்பானியரும் அதனைப் பதிப்பித்துக் கற்றனர்.

தமிழர்க்கும் இவ்வகை அறிவு உண்டு. சித்த மருத்துவத்தின் புறமருத்துவ முறைகள் முப்பத்திரண்டனுள் சுட்டிகை ஒன்று. சூடுபட வைத்து நோய் நீக்குவது அது. வர்ம நூல்கள் உடலில் 108 இடங்களைக் கணக்கிட்டு, பன்னிரண்டைப் படுவர்மம் எனவும் தொண்ணூற்றாறைத் தொடுவர்மம் எனவும் பிரிக்கும். ஊசிப்புள்ளிகளும் வர்மமும் ஒன்றே எனத் துணிந்து கூறுவார் உளர். அதற்கு நூற்சான்று வேண்டும். ஒப்புமை மட்டும் போதாது.

உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோ தொங்குய் போகத்தைச் சேர்த்தது 2009இல். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1997இல், சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் தமிழ் மருத்துவச் சுவடிகள் அப்பதிவேட்டில் இடம்பெற்றுவிட்டன. இச்செய்தியைத் தமிழாசிரியர்கள் வகுப்பறையில் சொல்வது தகும். பெருமையோடு ஒரு குறையையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஹொ இம் தம் தொழிலை எவரும் எடுத்தாளுமாறு எழுதினார். நம் மருத்துவச் சுவடிகளோ பலவும் பரிபாடையில் அமைந்தவை. மூலிகையும் சரக்கும் மறைபெயரில் நிற்கும். அதன் திறவுகோல் ஆசான் நாவில் இருந்தது. அவர் தேர்ந்த மாணாக்கனுக்கே அது கிட்டியது. மாணாக்கன் வாய்க்காத ஆசானோடு அவ்விளக்கமும் மறைந்தது. அத்தகைய சுவடிகளில் எழுத்தைப் படிக்கவியலும். இன்ன சொல் இன்ன பச்சிலையைக் குறிக்கும் எனச் சொல்வாரைத்தான் தேடவேண்டியுள்ளது.