தண்டுத் தெருக்கள் வளர்த்த கால்பந்தாட்டம்

தமிழர் பிழைப்பு நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற வரலாற்றைக் கூறுவோர், அவர்கள் எழுப்பிய கோயில்களையும், நிறுவிய சங்கங்களையும், தோண்டிய சுரங்கங்களையும், அமைத்த இருப்புப் பாதைகளையும் தவறாமல் குறிப்பிடுவர். சென்ற இடத்தில் அவர்களுடைய பிள்ளைகள் மாலை வேளையில் என்ன விளையாடினார்கள் என்பதை எழுதுவோர் மிகச் சிலரே. பெங்களூரைப் பொறுத்தமட்டில் அதை விட்டுவிட்டால் வரலாற்றின் ஒரு பகுதியே விடுபட்டதாகும். அந்நகரின் கால்பந்தாட்டம், குடியேறி வந்த ஏழை எளிய மக்கள் தாம் சேர்ந்த நாட்டின் உரிமை மக்களாக மாறிய கதையுமாகும்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், அங்கிருந்த ஆங்கிலப் பட்டாளம் நல்ல தட்பவெப்பம் நாடிப் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 1809ஆம் ஆண்டளவில் அல்சூர் ஏரியை ஒட்டிப் பாசறை உருப்பெற்றது. இதையே நம்மவர் 'தண்டு' என்றனர். பட்டாளத்தின் பின்னே சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தர், தச்சர், சுமைகூலிகள், சிறு வணிகர் எனப் பலரும் வந்தனர். அவருள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழர். 1834இல் சென்னைப் பொறியாளர் படையும் இவ்வூரிலேயே நிலைகொண்டது. 'தம்பி' என்று அன்புடன் அழைக்கப்பட்ட தமிழ்ச் சிப்பாய்கள் நிரம்பிய படை அது. இவ்வாறு கன்னட நாட்டின் நடுவே, ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ், தமிழ் பேசும் நகரப் பகுதி ஒன்று வளர்ந்தது. 1947ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில்தான் அப்பகுதி மீண்டும் மைசூர் சமஸ்தானத்துடன் இணைந்தது.

பட்டாளத்து வெள்ளையர் மாலைதோறும் திடல்களில் பந்தாடினர். வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர் வீடு திரும்பித் தாமும் ஆடினர். அவர்களுக்குக் காலணி இல்லை, ஆசான் இல்லை, அளந்து கோடிட்ட ஆடுகளமும் இல்லை. குறுகிய தெருவில் ஆடுகின்றவன் பந்தைக் காலை விட்டு அகலாமல் வைத்துக்கொள்ளக் கற்றாக வேண்டும். தூர உதைத்தால் பந்து சாக்கடையிலோ அயலார் முற்றத்திலோ விழும். வெறுங்காலால் ஆடுகின்றவன் பூட்ஸ் அணிந்த எதிரியின் காலுக்கு அகப்படாமல் விரைந்து திரும்பவும் பழக வேண்டும். வறுமை விதித்த இவ்விரு கட்டளைகளே பெங்களூர் ஆட்டத்துக்குத் தனியழகைத் தந்தன எனலாம்.

அதன் பயன் விரைவில் தெரிந்தது. பம்பாயில் 1891இல் தொடங்கிய ரோவர்ஸ் கோப்பையை நெடுங்காலமாக வெள்ளையர் பட்டாளங்களே மாறி மாறிக் கைப்பற்றி வந்தன. 1937இல் 'பெங்களூர் முஸ்லிம்ஸ்' குழு அதனை வென்றது. அக்கோப்பையை வென்ற முதல் இந்தியக் குழு இதுவே. அடுத்த ஆண்டும் அதே குழு வென்றது. 1948இல் மூன்றாம் முறையும் வாகை சூடியது. மாநிலங்களுக்கிடையே நடைபெறும் சந்தோஷ் கோப்பையை மைசூர் 1946-47ஆம் பருவத்தில் வங்காளத்தை வென்று அடைந்தது. 1952-53இலும், பின்னர் 1967-68, 1968-69 ஆகிய இரு பருவங்களிலும் மீண்டும் பெற்றது.

சுதந்திர இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் பந்தயத்திற்குக் குழு அனுப்பிய ஆண்டு 1948. லண்டனை அடுத்த இல்போர்டில், ஜூலை 31ஆம் நாள், நம்மவர் பிரான்சு நாட்டை எதிர்த்து ஆடினர். பெரும்பாலோர் வெறுங்காலினர். அன்று இந்தியாவுக்குக் கோல் அடித்தவர் மைசூரிலிருந்து சென்ற சாரங்கபாணி ராமன். கிடைத்த இரு பெனால்டி உதைகளும் வீணாயின. இறுதி நிமிடத்தில் பிரான்சு 2-1 என வென்றது. தோற்றும் புகழ் பெற்று மீண்ட அக்குழுவில் கோல்காப்பாளர் வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு, அகமத் கான் ஆகியோரும் இடம்பெற்றிருந்தனர். தமிழ்ச் செவிக்கு இப்பெயர்களிற் பல எத்துணை நெருக்கமானவை என்று சொல்லவும் வேண்டுமோ! அகமத் கான் பந்தை வளைத்து ஆட்டிய திறம் கண்டு அயல்நாட்டார் அவரைப் 'பாம்பாட்டி' என்றே அழைத்தனர்.

ஆயினும் இந்நாற்றங்காலில் முளைத்த பயிர் பிற வயல்களிலேயே விளைந்தது. புகழும் பொருளும் கல்கத்தாவில் இருந்தன. அகமத் கானும் தன்ராஜும் ஈஸ்ட் பெங்கால் கழகத்திற்குச் சென்றனர்; அங்கே வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகியோருடன் சேர்ந்து 'பஞ்ச பாண்டவர்' எனப் பெயர் பெற்றனர். 1949 முதல் 1951 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐ.எப்.ஏ. கேடயத்தை அக்கழகம் வென்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவில் ஆடிய கெம்பையாவும், 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று ஆசியத் தங்கம் பெற்ற குழுவைச் சேர்ந்த அருமைநாயகமும் மோகன் பகானுக்காக ஆடியவர்கள். தகப்பன் ஒரு மாநிலம் விட்டு மற்றொன்றுக்குப் பிழைக்க வந்தான். மகன் அங்கிருந்து மூன்றாவது மாநிலத்துக்குப் பிழைக்கப் போனான். குடிபெயர்ந்தோர் வாழ்வின் இயல்பு இது.

இங்கிலாந்தில் இதே காலத்தில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். அங்கும் தொழிலாளர் தெருக்களிலிருந்தே ஆட்டக்காரர் தோன்றினர். ஆனால் அவர்களைச் சிறு வயதிலேயே சேர்த்து வளர்க்கும் பொறுப்பைக் கழகங்கள் ஏற்றன. மான்செஸ்டர் யுனைடெட் கழகம் 1938இல் சிறுவர்க்கெனத் தனிப் பிரிவொன்றை ஏற்படுத்தியது. 1952-53இல் தொடங்கிய இளைஞர் கோப்பையை அக்கழகமே முதல் ஐந்து ஆண்டுகளும் வென்றது. அச்சிறுவரிற் சிலர், டங்கன் எட்வர்ட்ஸ் உட்பட, 1958 பிப்ரவரி 6ஆம் நாள் மியூனிக் விமான விபத்துக்கு இரையாயினர். எட்டு ஆட்டக்காரரை இழந்தும் கழகம் மீண்டெழுந்ததற்குப் பின்னால் வளர்ந்து வந்த இளையோரும் ஒரு காரணம். 1997இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் பயிற்சிக்கூடங்களுக்கு விதிமுறை வகுத்தது. 2012இல் பிரீமியர் லீக் அவற்றை நான்கு தரங்களாகப் பிரித்து, பயிற்சியோடு கல்வியும் அளித்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

கல்வியைக் கட்டாயமாக்கியதன் காரணம் தெளிவானது. ஒன்பது வயதுக்கு முன்பே சேர்க்கப்படும் சிறுவரிற் பெரும்பாலோர் தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதில்லை. பதினாறிலும் பதினெட்டிலும் அவர்கள் வடிகட்டப்படுகின்றனர். வெளியே வரும் இளைஞனிடம் பந்தைத் தவிர வேறொன்றும் இல்லையெனில் அவன் கதி என்ன? எந்தப் பயிற்சிக்கூடத்தையும் நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே.

பெங்களூர்த் தெருக்கள் இக்கேள்விக்குத் தம் வழியில் ஒரு விடை கண்டிருந்தன. இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940இலும், இந்திய டெலிபோன் தொழிற்சாலை 1948இலும் அந்நகரில் தோன்றின. இவையும் இவைபோன்ற பொதுத்துறை நிறுவனங்களும் கால்பந்துக் குழுக்களை நடத்தி, நன்றாக ஆடுவோருக்கு வேலை அளித்தன. பந்து ஒரு குடும்பத்தை வறுமையிலிருந்து மாதச் சம்பளத்திற்கு ஏற்றும் படியாயிற்று. பிற்காலத்தில் அத்தகைய வேலைகள் அருகின, படியும் தளர்ந்தது. பெங்களூரிற் பிறந்த கார்ல்டன் சாப்மன், 1987இல் ஜம்ஷெட்பூரில் தோன்றிய டாட்டா கால்பந்துப் பயிற்சிக்கூடத்துக்குச் சென்று பயின்ற பின்னரே இந்தியக் குழுவின் தலைவராக உயர்ந்தார். ஊரில் திறமை இருந்தது. அதைப் பேணும் நிறுவனம் வெளியூரில் இருந்தது.

2013இல் பெங்களூர் எப்.சி. கழகம் தோன்றியபின் நிலைமை மாறத் தொடங்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம் வென்ற அக்கழகம் இளைஞர் குழுவையும் வளர்த்தது. 2022இல் அவ்விளைஞர்கள் இந்திய அளவிலான வளர்ச்சி லீக்கை வென்று, இங்கிலாந்து சென்று அந்நாட்டுக் கழகங்களின் இளைஞர் குழுக்களுடன் ஆடினர். அவ்வாண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் நடந்த டியூராண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் முதல் கோலை அடித்தவர், சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்து அவ்விளைஞர் குழுவில் வளர்ந்த சிவசக்தி நாராயணன். 2023 மார்ச்சில் கர்நாடகம், 54 ஆண்டுகளுக்குப் பின், ரியாத் நகரில் மேகாலயாவை 3-2 என வென்று சந்தோஷ் கோப்பையை மீட்டது.

இவ்வெற்றிகளால் மகிழும் வேளையில் ஒன்றை மறக்கலாகாது. இன்று நகரெங்கும் காணப்படும் கால்பந்துப் பயிற்சி நிலையங்கள் பல, கட்டணம் வாங்கியே கற்பிக்கின்றன. புல்தரைக்கும் பூட்ஸுக்கும் பணம் வேண்டும். முன்பு இலவசமாய்க் கிடைத்த வெற்றுத் திடல்களோ கட்டடங்களாகி விட்டன. அல்சூர் ஏரிக்கு அண்மையிலுள்ள கௌதமபுரத்தில், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா ஆகியோரின் சிலைகளோடு பிரேசில் வீரர் பெலேயின் சிலையும் நிற்கிறது. அத்தெருவாசிகள் பந்தாட்டத்தை எந்த வரிசையில் வைத்துப் போற்றுகின்றனர் என்பதற்கு அதுவே சான்று. அத்தகைய தெருக்களின் பிள்ளை பயிற்சிக்கூடத்தின் வாயிலில் தடுக்கப்படுவானாயின், கூடம் எத்துணை நேர்த்தியானதாயினும், தன்னைப் பெற்ற ஊற்றையே அடைத்ததாகும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இவ்வரலாறு உணர்த்துவது யாது? சாரங்கபாணி ராமன் கோல் அடித்தபோது அது இந்தியாவின் கோலாயிற்று. அருமைநாயகம் ஆடியபோது பெங்களூரே தன் மகனென்று அவரைக் கொண்டாடியது. மைசூரின் சட்டை அணிந்து மைசூருக்காக வியர்வை சிந்தியவர்களை நோக்கி, 'நீ எவ்வூரான்?' என்று எவரும் கேட்கவில்லை. ஆகவே, நாம் குடியேறிய ஊர்களில் சங்கமும் நூலகமும் அமைக்கும் அதே ஆர்வத்தோடு, நம் தெருப் பிள்ளைகளுக்கு ஒரு திடலையும், அவர்களுடைய படிப்பைக் கவனிக்கும் ஒரு நல்லாசானையும் தேடித் தருவோமாக. மாநிலத்தின் பிற பிள்ளைகளும் அத்திடலுக்கு வரட்டும்; சேர்ந்து ஆடுவோரிடையே உறவு தானே வளரும்.