மூன்று முறை தோற்ற மக்கள் சாசனம்

ஐரோப்பாவின் நவீன வரலாற்றைப் படிப்போர் புரட்சிகளையும் போர்களையுமே பெரிதும் நினைவிற் கொள்வர். மன்னர் முடியிழந்த கதையும் கோட்டை தகர்ந்த கதையும் மனத்திற் பதிவது இயல்பே. ஆயினும், வாளெடுத்து வென்றோரின் வரலாற்றைக் காட்டிலும் மகஜர் கொடுத்துத் தோற்றோரின் வரலாறு சில வேளைகளில் எமக்குக் கூடிய அறிவைத் தருகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியத் தொழிலாளர் நடத்திய மக்கள் சாசன இயக்கம் அத்தகையது. அவ்வியக்கம் பாராளுமன்றத்தின் கதவை மூன்று முறை தட்டிற்று. மூன்று முறையும் கதவு திறக்கப்படவில்லை. எனினும், அது கேட்ட ஆறு கோரிக்கைகளுள் ஐந்து பிற்காலத்தில் அந்நாட்டின் சட்டமாயின. தோற்ற இயக்கம் வென்ற விந்தை எங்ஙனம் நிகழ்ந்தது?

கைத்தொழிற் புரட்சி இங்கிலாந்தின் முகத்தை மாற்றியது. ஆலைகள் பெருகின, புதிய நகரங்கள் எழுந்தன. ஆனால் ஆட்சி முறையோ பழைய நிலவுடைமைப் பிரபுக்களின் கையிலேயே இருந்தது. குடிமக்கள் ஏறக்குறைய இல்லாதொழிந்த பழைய சாரம் என்னும் ஊர் இரண்டு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பல்லாயிரவர் வாழ்ந்த மான்செஸ்ரர் நகருக்கோ ஓர் உறுப்பினரும் இல்லை. இவ்வநீதிக்கெதிராக நடுத்தர வகுப்பாரும் தொழிலாளரும் சேர்ந்தே கிளர்ந்தனர். அதன் பயனாக 1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஆனால் நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுண் பெறுமதியுள்ள வீட்டில் இருப்போருக்கே அது வாக்களித்தது. வியாபாரியும் ஆலை முதலாளியும் உள்ளே சென்றனர். அவர்களோடு தோள் கொடுத்து நின்ற தொழிலாளி வெளியே விடப்பட்டான்.

அவ்வாறு திருத்தப்பட்ட பாராளுமன்றமே 1834இல் புதிய வறியோர் சட்டத்தை இயற்றியது. உதவி வேண்டுவோர் ஏழை விடுதிக்குட் செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். அங்கே கணவன் ஒரு பகுதியிலும், மனைவி வேறொரு பகுதியிலும், பிள்ளைகள் பிறிதொரு பகுதியிலும் வைக்கப்பட்டனர். வாக்கில்லாதவனுக்கு வயிற்றுப் பாட்டிலும் நீதி கிடையாது என்னும் உண்மை ஏழை மக்களின் நெஞ்சிற் சுட்டது.

இந்நிலையில், தச்சுத் தொழிலாளியான வில்லியம் லவெற் என்பாரும் அவர்தம் தோழரும் 1836இல் இலண்டன் உழைப்பாளர் சங்கத்தை நிறுவினர். அச்சங்கம் 1838இல் மக்கள் சாசனத்தை வெளியிட்டது. அதன் கோரிக்கைகள் ஆறு: வயது வந்த ஆண்கள் யாவர்க்கும் வாக்குரிமை, இரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராவதற்கு ஆதனத் தகைமை வேண்டாமை, உறுப்பினருக்கு வேதனம், சமமான தேர்தல் தொகுதிகள், ஆண்டுதோறும் பாராளுமன்றத் தேர்தல். இவை ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. வாக்கிருந்தும் இரகசியம் இல்லையேல், அவ்வாக்குக் குடியிருப்போனுக்குரியதன்று, நிலக்காரனுக்கே உரியது. உறுப்பினருக்கு வேதனம் இல்லையேல், ஏழையின் பிரதிநிதியாகவும் செல்வனே செல்ல வேண்டும். இதனை நன்கு உணர்ந்தே சாசனம் வரையப்பட்டது.

முதலாவது மகஜர் 1839இல் பொதுமக்கள் சபைக்குச் சென்றது. அதில் ஏறக்குறைய 12 இலட்சத்து 80 ஆயிரம் கையொப்பங்கள் இருந்தன. அதனை ஆராய்வதற்குச் சார்பாக 46 பேரே வாக்களித்தனர். எதிர்த்தோர் 235 பேர். இயக்கத்தினுள்ளே முன்னரே இருந்த பிளவு இப்பொழுது வலுத்தது. கல்வியும் ஒழுக்கமும் கொண்டு கருத்தை வெல்ல வேண்டும் என்றார் லவெற். வடக்கு விண்மீன் என்னும் பத்திரிகையை நடத்திய பியர்கஸ் ஓ கொனர் ஆவேச மொழிகளால் பெருங்கூட்டங்களை ஈர்த்தார். அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் நியூபோட் நகரிலே, முன்னாள் நகர முதல்வரான ஜோன் புரொஸ்ற் தலைமையில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளரும் இரும்புத் தொழிலாளரும் திரண்டனர். படையினர் சுட்டதில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். புரொஸ்றுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாவது மகஜர் 1842இல் 33 இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களோடு சென்றது. அதுவும் 49க்கு எதிராக 287 வாக்குகளால் தோற்றது. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு 1835இல் குறிப்பெழுதியவர் என்று நாம் அறிந்த மக்கோலேயே அன்று அதனை எதிர்த்துப் பேசியோருள் முக்கியமானவர். சொத்தில்லாத பெரும்பான்மையோரிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் சொத்துரிமை அழியும். அதனோடு நாகரிகமும் அழியும் என்பதே அவர் வாதம். அதிகாரத்திலிருப்போரின் அச்சம் இதிலே தெளிவாகத் தெரிகின்றது. கொடுத்தால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சுவோன், கொடாமையால் வரும் கேட்டை எண்ணுவதில்லை. அக்கோடையிலே கூலிக் குறைப்பினால் வேலைநிறுத்தம் பரவியது; தொழிலாளர் கொதிகலன்களின் அடைப்புகளைப் பிடுங்கி ஆலைகளை நிறுத்தினர்.

மூன்றாவது முயற்சி 1848இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு பெப்ரவரியிலே, வாக்குரிமையை விரிவுபடுத்த மறுத்த பிரான்சிய அரசு பாரிஸ் மக்களின் எழுச்சியால் வீழ்ந்தது. அச்செய்தி இலண்டனை நடுங்கச் செய்தது. ஏப்ரல் 10ஆம் நாள் கெனிங்டன் வெளியிலே சாசனத்தார் கூடுவர் என்றவுடன் தலைநகரின் பாதுகாப்பு முதிய வெலிங்டன் பிரபுவிடம் ஒப்படைக்கப்பட்டது. பல்லாயிரம் விசேட காவலர் திரட்டப்பட்டனர். ஊர்வலமாகப் பாராளுமன்றம் செல்வதற்குத் தடை விதிக்கப்பட்டது. ஓ கொனர் தடைக்கு இணங்கிக் கூட்டத்தைக் கலைந்து செல்லும்படி வேண்டினார். மகஜர் வாடகைக் குதிரை வண்டிகளிலே சென்றது.

அம்மகஜரில் 57 இலட்சம் கையொப்பங்கள் உள என்று ஓ கொனர் முழங்கியிருந்தார். சபையின் எழுதுவினைஞர் எண்ணியபோது கிடைத்த தொகை 19 இலட்சத்து 75 ஆயிரத்து 496. அவற்றுள்ளும் விக்டோரியா மகாராணியின் பெயரும் வெலிங்டனின் பெயரும் பொய்யாக எழுதப்பட்டிருந்தன. சபை நகைத்தது, பத்திரிகைகளும் நகைத்தன. அந்நகைப்பொலியிலே இலட்சக்கணக்கான உண்மை மனிதரின் குரல் அமிழ்ந்து போயிற்று. நியாயமான கோரிக்கைக்கு மிகையும் பொய்யும் துணையாகா. அவை எதிரியின் கையிற் கொடுக்கும் ஆயுதங்களே ஆகும்.

தானிய இறக்குமதித் தீர்வைச் சட்டம் 1846இல் நீக்கப்பட்டமையும், ஆலைகளில் பெண்களுக்கும் இளைஞருக்கும் பத்து மணி நேர வேலை 1847இல் விதிக்கப்பட்டமையும் மக்களின் சினத்தை ஓரளவு தணித்திருந்தன. இயக்கம் தேய்ந்தது. ஆனால் கோரிக்கைகள் தேயவில்லை. ஆதனத் தகைமை 1858இல் ஒழிந்தது. நகரத் தொழிலாளருட் பெரும்பகுதியினர் 1867இல் வாக்குப் பெற்றனர். இரகசிய வாக்கு 1872இல் வந்தது. கிராமத் தொழிலாளருக்கு 1884இல் வாக்கு விரிந்தது. அடுத்த ஆண்டு தொகுதிகள் பெருமளவு சமமாக்கப்பட்டன. உறுப்பினருக்கு வேதனம் 1911இல் கிடைத்தது. வயது வந்த ஆண்கள் அனைவரும் 1918இல் வாக்காளராயினர். ஆண்டுத் தேர்தல் ஒன்றே நிறைவேறவில்லை. சாசனம் கேட்காது விட்ட பெண்கள், ஆண்களுக்குச் சமமாக வாக்குரிமை பெற 1928 வரை காத்திருந்தனர்.

இவை ஆள்வோரின் கருணையால் வந்தவை என்று கொள்வது பிழை. கட்சிகள் ஒன்றையொன்று வெல்ல முயன்றமையும், தொழிற்சங்கங்கள் ஒழுங்குற வளர்ந்தமையும், சாசன நாட்களிற் கூட்டம் நடத்தவும் கணக்கெழுதவும் பேசவும் பழகிய தொழிலாளர் தம் ஊர்களிலே தொடர்ந்து பணி செய்தமையும் காரணங்களாகும். லவெற் ஓராண்டு சிறையிருந்தபின் மக்கள் கல்விக்கே தம் வாழ்வை அளித்தார். புரொஸ்ற் 1856இல் நாடு திரும்பினார். இருவரும் 1877இல் காலமாயினர். எந்தச் சபை தம்மை மறுத்ததோ அதே சபை தம் கோரிக்கைகளை ஒவ்வொன்றாக ஏற்கத் தொடங்கியதை அவர்கள் கண்ணாரக் கண்டனர்.

இலங்கையில் ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை 1931இல் கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் சமவாக்குப் பெற்று மூன்றாண்டுகளே அப்பொழுது கழிந்திருந்தன. வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டியில் இடும் எளிய செயலின் பின்னே எத்துணை பேரின் சிறைவாசமும் குருதியும் உள்ளன என்பதை இளைஞர் எண்ணுதல் வேண்டும். சங்கங்களை நடத்துவோர் இன்னுமொன்றையும் எண்ணுதல் வேண்டும். கோரிக்கை நியாயமானதாயின் ஒரு தலைமுறையின் தோல்வி அதனைக் கொல்லாது. ஆனால் அதனை ஏந்திச் செல்லும் கைகள் தூயனவாக இருத்தல் வேண்டும்.